பெட்ரோலுக்கு ஒன்பது சுற்று

பெட்ரோல் விலையை ஒரு முறை நான் இறக்கியிருக்கிறேன். பிறகு ஏற்றியும் இருக்கிறேன். இரண்டையும் நாலாம் வகுப்பு படிக்கும்போது, கீழ்க்கட்டளையில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் அம்மன் கோயிலைச் சுற்றி நடந்தே செய்து முடித்தேன். அந்த வருடம் எண்ணெய் விலை ஏன் விழுந்தது என்று டிவியில் கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாவம், அவர்களுக்குக் கோயில் விவரம் தெரியாது.

எங்கள் வீட்டைத் தெருவில் மாவுக்காரங்க வீடு என்பார்கள். அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள். மற்றவர்கள் வீட்டில் சோபா இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பெரிய கிரைண்டர்கள் இருந்தன. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே வளர்ந்ததால், இன்றைக்கும் நான் போனில் பேசினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். சாயங்காலம் மாவைப் பாக்கெட் போட்டு அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு அனுப்புவோம். ஆனால் பெரிய வியாபாரம் அது இல்லை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்று தினமும் இரண்டு ட்ரம் மாவு எடுத்தது. அந்த ஹாஸ்டலை நம்பித்தான் அம்மா இரண்டாவது கிரைண்டரையே வாங்கினாள்.

அப்பா வளைகுடா நாடு ஒன்றில் வெல்டர். எண்ணெய்க் கம்பெனிக்கு வேலை செய்து கொடுக்கும் இன்னொரு கம்பெனியில், பாலைவனத்தின் நடுவே, குழாயோடு குழாயைப் பற்றவைக்கிற வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். ஒவ்வொரு லீவுக்கும் வீடு கொஞ்சம் வளரும். ஒரு லீவில் தரைக்கு டைல்ஸ் வந்தது. அடுத்த லீவில் மாடிப்படி வந்தது. படி ஏறிப் போனால் மாடி கிடையாது, கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. அந்தக் கம்பிகளுக்குச் சுவர் எழுப்புவதுதான் அடுத்த லீவின் திட்டம். அப்பா பற்றவைக்கிற குழாயில் ஓடுவதும் மாமாவின் மொபெட்டில் ஊற்றுவதும் ஒரே சாமான்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. நாலாம் வகுப்பில் அது பாடமும் இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மாவு ட்ரம்களை மொபெட்டின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரிக்குப் போய் இறக்கிவிட்டு வருவது அவர் பொறுப்பு. பெட்ரோல் செலவும் அவருடையதே. அதனால் உலகத்தில் அவர் மனதை எது நோகடித்தாலும் அதன் பெயர் பெட்ரோல். ஒரு நாள் திரும்பி வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று ஆரம்பித்தார்.

"பேஜாரா கீதுக்கா. இன்னொரு வாட்டி ஏத்துனானுங்கன்னா சிறுசேரிக்கு நான் போவ மாட்டேன். வேற ஆள் பாத்துக்கோ."

அம்மா ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது கிரைண்டரை மட்டும் திரும்பிப் பார்த்தாள். மாமா போகாவிட்டால் ஹாஸ்டல் போய்விடும், ஹாஸ்டல் போனால் அந்த கிரைண்டர் சும்மா நிற்கும் என்கிற அளவுக்கு எனக்கும் புத்தி இருந்தது. அம்மாவின் முகம் அப்படி ஆனதை என்னால் பார்க்க முடியவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் வேண்டிக்கொள்வார்கள். அப்பா ஒவ்வொரு தடவை விமானம் ஏறும்போதும் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைப்பாள். எனக்குக் காசு கிடையாது. கையில் ஒன்றும் இல்லாத பக்தைக்குக் கால்தானே இருக்கிறது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மனிடம் நேராகப் பேசினேன். பெட்ரோல் விலை இறங்கினால் ஒன்பது சுற்று. அவ்வளவுதான் ஒப்பந்தம். யாரிடமும் சொல்லவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது ஊரறிந்த விதி.

அப்போதெல்லாம் பெட்ரோல் விலை இப்போது போலத் தினமும் மாறாது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சாயங்காலச் செய்தியில் அறிவிப்பார்கள். அந்தச் செய்தி வரும் நாளில் நான் வீட்டுப்பாடத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். செய்தி பார்க்கிற பிள்ளை நம் வீட்டில் எப்படிப் பிறந்தது என்று மாமாவிடம் கேட்டாள். மாமா வாயைத் திறப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. விலை இறங்கியிருந்தது.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "எறக்கிட்டானுங்கக்கா! எந்தப் புண்ணியவான் வேண்டிக்கினானோ!" என்றார்.

புண்ணியவதி இங்கே தரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன். மறுநாள் ஒன்பது சுற்றும் சுற்றி முடித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கைக்கு எட்டிய அதிகாரத்தை யார்தான் விடுவார்கள்? அடுத்த பதினைந்து நாளைக்கும் ஒன்பது சுற்று, விலை இறங்கியதும் நன்றிக்கு ஒன்பது என்று கணக்கை நானே ஏற்றிவிட்டேன். விலை மறுபடி இறங்கியது. அதற்கடுத்தும் இறங்கியது. நடுவில் ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து கோயிலுக்குப் போகவில்லை, அந்தத் தடவை விலை கொஞ்சம் ஏறியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? காய்ச்சல் விட்டதும் இரட்டிப்பாகச் சுற்றி ஈடுகட்டினேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் தன் பெரியப்பா போலீஸ் என்று பீற்றிக்கொண்டால், எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். மாமா சிறுசேரிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே போய் வந்தார்.

அந்த நாட்களில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. அப்பா வழக்கமாக வெள்ளிக்கிழமைதான் போன் செய்வார், அன்றைக்குத்தான் அங்கே விடுமுறை. இப்போது ஞாயிறு, செவ்வாய் என்று நினைத்தபோதெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார். பட்டப்பகலில் கூப்பிட்டார். என்ன சாப்பிட்டாய், என்ன பாடம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவருக்கு நேரம் நிறைய இருந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம். அம்மா மட்டும் போனை வாங்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய், கம்பிகளுக்குக் கீழே உட்கார்ந்து மெதுவாகப் பேசிவிட்டு வருவாள்.

பிறகு ஒரு நாள் அப்பாவே வந்துவிட்டார். லீவு வரிசைப்படி இன்னும் ஒரு வருடம் பாக்கி. நான் கேட்காமலேயே அம்மன் கூடுதலாகக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். வழக்கமாக அப்பா வந்தால் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி மேலே ஒரு பெரிய அட்டைப்பெட்டி வரும். கயிறு கட்டி, நான்கு பக்கமும் கறுப்பு மையில் பெயர் எழுதிய பெட்டி. அதைப் பிரிப்பது எங்கள் வீட்டில் ஒரு திருவிழா. இந்தத் தடவையும் பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே அப்பாவின் தலையணை இருந்தது. சூடேற்றும் கெட்டில், ஒரு சின்ன ரைஸ் குக்கர், விளிம்பு நசுங்கிய ஒரு சாப்பாட்டுத் தட்டு, ஒரு டம்ளர். எனக்குச் சாக்லேட் ஒரு பாக்கெட். லீவில் வருகிறவர் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு வரமாட்டார் என்று பெரியவர்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அந்தக் கெட்டில் பிடித்திருந்தது. பொத்தானைத் தட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது.

கல்ஃபிலிருந்து ஒருவர் வந்தால் தெருவுக்குச் சோப்பும் பவுடரும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஊர் தானாகக் காரணம் கண்டுபிடிக்கும். அந்த வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குப் போனாள். பழைய இரும்பு, பறவைக் கூண்டு, ரோஜாச் செடி எல்லாம் தாண்டி ஒரு மூலையில் வெளிநாட்டு எழுத்துப் போட்ட சோப்பும் பவுடர் டப்பாவும் விற்றார்கள். அம்மா ஒரு பை நிறைய வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் சந்தைக்காரர் கட்டிக் கொடுத்த தமிழ்ப் பேப்பரைப் பிரித்துப் போட்டுவிட்டு, அப்பாவின் பெட்டியில் வந்த அரபி எழுத்துப் பேப்பரில் ஒவ்வொன்றையும் சுற்றினாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவுக்கு ஒரு சோப்பை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "பாரின் பாரின்தாண்டி! உங்கப்பாவுக்கு எப்போ பயணம்?" என்றாள்.

எப்போ பயணம்? அப்பா வந்த நாளிலிருந்து எல்லோரும் கேட்டது அந்த ஒரு கேள்விதான். பால்காரர் கேட்டார், எதிர் வீட்டில் கேட்டார்கள், மாவு வாங்க வந்தவர்கள் சில்லறையைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்கள். கெட்ட எண்ணத்தோடு இல்லை. கல்ஃபிலிருந்து வந்தவரை வேறு எப்படி விசாரிப்பார்கள்? அப்பா முதலில் ரெண்டு மாசம் என்றார். இரண்டு மாதம் ஆனதும் லீவு நீட்டிச்சிருக்காங்க என்றார். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். லீவு என்றால் என்ன, அது எப்படி முடியும் என்பதெல்லாம் எனக்கும் பழக்கம்தானே. நானும் ஒரு நாள் அவர் முதுகில் தொங்கிக்கொண்டே கேட்டேன், எப்போப்பா பயணம் என்று. அவர் என்னை இரண்டு தட்டாமாலை சுற்றி இறக்கிவிட்டார்.

ஆனால் அந்த மாதங்களில் வீடு நன்றாக இருந்தது. அப்பாவால் சும்மா இருக்க முடியாது. கிரைண்டர் ஓடும் சத்தத்தை வைத்தே எதில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் கிரைண்டரின் அடிப்பக்கத்தைத் திறந்து ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். வலப்பக்கம் சுற்றினால் நட்டு இறுகும், இடப்பக்கம் சுற்றினால் கழலும் என்று காட்டித் தந்தார். நானே ஒரு நட்டைக் கழற்றி மறுபடி முடுக்கினேன். இன்னொரு நாள் யாரிடமோ வெல்டிங் மெஷினை இரவல் வாங்கி வந்து, மொபெட்டுக்கு ஒரு இரும்புச் சட்டம் செய்தார். வெயிலில் மாவு பொங்கி ட்ரம் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிவது மாமாவுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. பெரும்பாக்கம் தாண்டுவதற்குள் அவர் கால்சட்டை வெள்ளையாகிவிடும். அப்பா செய்த சட்டத்தில் மூடி அசையவில்லை. அதோடு பின்னால் மூன்றாவது ட்ரம்முக்கும் இடம் கிடைத்தது. அம்மா அந்தச் சட்டத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பெரும்பாக்கத்தில் ஒரு சின்னக் கடை வாடகைக்கு எடுத்து, இன்னொரு கிரைண்டர் போட்டால் எப்படி இருக்கும் என்று அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். அம்மா சிரித்தாள். பிறகு அவள் பார்வை மாடிப்படிப் பக்கம் போனது. பேச்சு அங்கேயே நின்றது.

ஒரு சனிக்கிழமை மாமா மொபெட்டில் அப்பாவைப் பின்னால் ஏற்றி, என்னை முன்னால் நிற்கவைத்து, மேடவாக்கம் ரோட்டில் பெட்ரோல் போடப் போனார். பங்க்கில் விலைப் பலகை பெரிதாக இருந்தது. மாமாவுக்கு அதைப் பார்த்தாலே முகம் மலர்ந்துவிடும். ஜீரோ பார்த்துக்குங்க என்று பங்க்காரர் சொன்னபோது அவர் ஜீரோவைக்கூடப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்தார். எனக்கு அவர் மாமா, அவருக்கு அப்பா மாமா.

"பாத்தீங்களா மாமா வெலய? ஃபுல் டேங்க் போடுறேன் இன்னிக்கு. இந்த வண்டி ஃபுல் டேங்க்கையே பாத்தது இல்ல!"

அப்பாவும் பலகையைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல், யாரோ வானிலை கேட்டதற்குப் பதில் சொல்வதைப்போலத்தான் சொன்னார்.

"பாத்தேன் மச்சான். இது ஒவ்வொரு ரூபா எறங்கும்போதும் எங்க கேம்ப்ல ஒரு ரூம் காலியாச்சு. கடைசியில எங்க ரூமு."

மாமா டேங்க் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பெட்ரோல் நிரம்பி மேலே வழிந்தது. 

திரும்பி வரும்போது என் தலைக்குள் எல்லாம் சடசடவென்று சேர்ந்துகொண்டிருந்தது. பெட்ரோல் விலையும் அப்பா வேலையும் ஒரே கயிற்றில் கட்டியவை. விலை விழுந்ததால் அப்பாவை அனுப்பிவிட்டார்கள். விலையை விழவைத்தது யார்? லீவு நீட்டவில்லை, வேலையே இல்லை. தலையணையும் தட்டும் அதனால்தான் வந்தன. பல்லாவரம் சோப்பும் அதனால்தான். மாமாவின் மொபெட்டைக் காப்பாற்றப் போய் அப்பாவின் சோற்றில் நான் கை வைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

அதே நேரத்தில், செய்ததைக் கழற்றவும் வழி உண்டு என்று எனக்குத் தெரிந்திருந்தது. கிரைண்டர் அடியில் உட்கார்ந்து அப்பாவே சொல்லிக் கொடுத்த வழி. வலமாகச் சுற்றி இறுக்கியதை இடமாகச் சுற்றினால் கழன்றுதானே ஆகவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை நடை சாத்தின பிறகு, மத்தியான வெயிலில் கோயிலுக்குப் போனேன். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அதுவரை சுற்றிய சுற்றெல்லாம் நூறைத் தாண்டியிருந்தது, காய்ச்சலுக்குப் போட்ட இரட்டிப்பையும் சேர்த்தால் இன்னும் மேலே. அத்தனையையும் ஒரே நாளில் கழற்றிவிடுவது என்று ஆரம்பித்தேன். கருங்கல் தரை கொதித்தது. நிழல் விழும் பக்கத்தில் மெதுவாக நடந்து, வெயில் பக்கத்தில் ஓடினேன். விலையை ஏத்திடு, அப்பாவுக்கு வேலையைக் குடுத்திடு, திருப்பி அனுப்பிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். முப்பத்து நாலாவது சுற்றில் பூக்கார அம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏ பாப்பா! இன்னாடி இது, ரிவர்ஸ்ல சுத்திகினு கீறே? சாமி குத்தம் ஆயிடும்டி, நில்லு!"

நான் நிற்கவில்லை. அவள் கூடையைப் போட்டுவிட்டு என்னைப் பிடிக்க வந்தாள். பிடிபட்ட பிறகும் காரணம் சொல்லவில்லை, அழுதுகொண்டு திமிறினேன். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய், என்னை அங்கேயே உட்காரவைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், முழங்கை வரைக்கும் மாவு. கையைக்கூடக் கழுவாமல் வந்திருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு ஒரு புது யோசனை வந்தது. வெளியே சொன்னால் வேண்டுதல் பலிக்காது. அப்படியானால் பழைய வேண்டுதலை வெளியே சொல்லிவிட்டால் அதுவும் ரத்தாகிவிடுமே! எனவே எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா சொன்னது, ஒன்பது சுற்று, ஒவ்வொரு தடவையும் விலை இறங்கியது, காய்ச்சல் அன்று ஏறியது, எல்லாம். அவர் வேலை போனதற்கு நான்தான் காரணம் என்றும் சொன்னேன். அப்பா சிரிப்பார் என்றோ அடிப்பார் என்றோ நினைத்தேன். இரண்டும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

"சரி, இப்போ ஏன் திருப்பிச் சுத்துறே?"

அதற்கு நான் வாயைத் திறக்கவில்லை. புதியதைச் சொன்னால் அது கெட்டுவிடும்.

"விலை ஏறணும்னா?"

தலையாட்டினேன். தலையாட்டுவது சொல்வதில் சேராது.

"ஏறினா நான் திரும்பிப் போயிடலாம்னா?"

இதற்கு இன்னும் வேகமாகத் தலையாட்டினேன். நல்ல பிள்ளை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அப்பா என் காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலில் கொப்புளம் வந்திருந்தது. கோயில் குழாயடிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போய், தன் கையில் இருந்த மாவைக் கழுவிவிட்டு, என் காலில் தண்ணீர் விட்டார். ரொம்ப நேரம் விட்டார். பிறகு என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கோயிலைச் சுற்ற ஆரம்பித்தார். வலமாக, எல்லோரும் சுற்றும் முறையில். ஒவ்வொரு தடவை சன்னதிக்கு நேரே வரும்போதும் சாத்திய கதவின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார். ஒன்பது சுற்று சுற்றினார். தோளில் இருந்த எனக்கு ஒரே கவலை. வலமாகச் சுற்றினால் நான் கழற்றியது மறுபடி இறுகிவிடுமே. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என்னுடையது முப்பத்து நான்கு, அவருடையது ஒன்பது. கழித்தாலும் என் பக்கம் இருபத்தைந்து மிச்சம் இருந்தது. மனது சமாதானம் ஆனது.

என்ன வேண்டிக்கிட்டே என்று வழியில் கேட்டேன். சொன்னா பலிக்காது என்றார். விதி தெரிந்தவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சாயங்காலச் செய்தியில் விலை ஏறியது. அடுத்த பதினைந்து நாளில் இன்னும் ஏறியது. மாமா பழையபடி வாசலில் நின்று கத்தினார், ஆனால் சிறுசேரிப் பயணத்தை விடவில்லை. அப்பா பற்றவைத்த சட்டத்தில் மூன்றாவது ட்ரம்மும் ஏறி, வழியில் இருந்த கடைகளுக்கும் மாவு போனதால் அவருக்குக் கட்டுப்படியானது. பெட்ரோல் ஏறினாலும் இறங்கினாலும் ஹாஸ்டலுக்கு மாவு போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை அப்பாவுக்குப் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. கிரைண்டர் சத்தத்தில் கேட்கவில்லை என்று அவர் மாடிப்படிக்குப் போய்ப் பேசினார். பேசி முடித்த பிறகும் வெகு நேரம் கம்பிகளுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு கிரைண்டரையும் நிறுத்திவிட்டு மேலே போனாள். மாவு அரைக்கும் நேரத்தில் எங்கள் வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

பெட்டி கட்டும் நாளில் நான்தான் சாமான்களை எடுத்துக் கொடுத்தேன். தலையணை, ரைஸ் குக்கர், டம்ளர், விளிம்பு நசுங்கிய தட்டு. கெட்டிலை மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அப்பா வைத்துக்கொள்ளச் சொன்னார். எப்போ பயணம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா இப்போது தேதியே சொன்னாள். தெருவே நிம்மதி அடைந்தது. பூக்கார அம்மா ஒரு முழம் பூவை இலவசமாகக் கொடுத்தாள்.

மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் மாமா, அம்மா, நான். மாமா பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா எதிர்ப்பக்கம் இருந்த கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததை இனிமேல் சொல்லலாம், பலித்தாகிவிட்டது, சொன்னால் கெடாது என்று எனக்குத் தோன்றியது. அப்பாவின் சட்டையை இழுத்து, அவர் குனிந்ததும் காதில் சொன்னேன். பாத்தியாப்பா, நான் சுத்தினது வீண் போகலை, உனக்கு வேலை வந்துடுச்சு.

அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கன்னத்தில் தட்டிக் கொடுத்தார்.

"ஆமாம்மா. உன்னோடதுதான் பலிச்சுது."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் உள்ளே போய், பாஸ்போர்ட் காட்டி, திரும்பிப் பார்த்துக் கையசைக்கும் வரைக்கும் குதித்துக் குதித்துக் கைகாட்டினேன். அம்மா ஏன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்று எனக்கு அவள்மேல் கோபமாகக்கூட இருந்தது.